மருதமுத்துவின் காருக்குள் வந்த காற்று

மருதமுத்து கார் வாங்கிய செய்தி பண்டா காபா தெருவில் அன்றைக்கே எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாமல் இருந்த ஓரிருவருக்கும் அவரே அவர்கள் வீட்டு வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்துத் தெரியப்படுத்தினார்.

அவருக்கு ஜவுளி வியாபாரம். கடை என்று தனியாக இல்லை. மலாக்கா டவுனில் அவர் வீட்டின் முன்னறைதான் சரக்கு வைக்கும் இடம். சம்பளம் போட்ட மறுநாள் சேலை மூட்டைகளைக் கட்டிக்கொண்டு சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களுக்குப் போவார். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு முன்னால் பாயை விரித்து மூட்டையை அவிழ்ப்பார். வெகுகாலம் பஸ்ஸில்தான் போய்வந்துகொண்டிருந்தார். அவசரகாலம் வந்த பிறகு பஸ்ஸை நம்ப முடியவில்லை. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள் ஒரு பஸ்ஸை வழிமறித்துக் கொளுத்தியதிலிருந்து டிரைவர்கள் சில பாதைகளில் தலைவைத்துப் படுக்கவும் மறுத்தார்கள். அந்தச் சமயத்தில், வேலையை விட்டுச் சீமைக்குக் கப்பலேறிய தோட்டத்துத் துரை ஒருவரின் கறுப்புக் கார் விலைக்கு வந்தது. மருதமுத்து வாங்கிப்போட்டார். அது 1952ஆம் வருடம்.

காரில் அவருக்கு மிகவும் பிடித்தது அதன் காற்று. முன்கண்ணாடிக்கு வெளியே, பானட்டை ஒட்டி, ஒரு சின்ன மூடி இருந்தது. உள்ளே டிரைவரின் முழங்காலுக்குப் பக்கத்தில் ஒரு பிடி. பிடியைத் தள்ளினால் மூடி வாயைத் திறக்கும். கார் ஓடும்போது காற்று அந்த வழியாகப் புகுந்து, உள்ளே இருக்கும் தகரப் பெட்டிக்குள் இறங்கி, கால்மாட்டில் சிலுசிலுவென்று வீசும். மழை பெய்தால்கூட ஜன்னலை ஏற்றிவிட்டு ஜம்மென்று காற்று வாங்கலாம். காரில் ஏறுகிற யாரானாலும் முதல் வேலையாக அந்தப் பிடியைத் தள்ளிக் காட்டுவார்.

“பாத்தியா? விசிறியும் இல்ல, கரண்டும் இல்ல. காத்து தானா வருது!”

முதல் நாள் சாயங்காலம் மனைவி கமலவேணியை ஏற்றிக்கொண்டு உம்பாய்க் கடற்கரைக்குப் போனார். ஒரே மகளைச் சிரம்பானில் கட்டிக்கொடுத்துவிட்டதால் வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். பேச்சுத் துணைக்கும் வம்பு வளர்க்கவும் ஒருவருக்கு ஒருவர்தான் ஆள். டவுனைத் தாண்டியதும் மருதமுத்து பிடியைத் தள்ளினார். கமலவேணி சட்டென்று முந்தானையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

“ஏங்க, துரை போறப்ப யாரையாவது உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போயிட்டாரா?”

“ஏன், என்ன?”

“நாறுதுங்க. நனைஞ்ச கோணிச்சாக்கை மடிச்சுப் பெட்டிக்குள்ள போட்டு மூடி வச்சு, இப்பத்தான் திறந்த மாதிரி.”

மருதமுத்து ஆழமாக இழுத்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை. தெரியாததில் ஆச்சரியமும் இல்லை. மீசை முளைத்த நாள் முதல் அவர் மூக்குப்பொடி போடுகிறவர். பூண்டும் புகையிலையும் ரோஜாப்பூவும் அந்த மூக்குக்கு ஒன்றுதான். அவர் முகத்தில் மூக்கு இருப்பது மூக்குக்கண்ணாடி விழாமல் நிற்பதற்காகத்தான் என்று கமலவேணி பல வருடங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“உம்பாய் வரப்போகுதில்ல? கருவாடு காயும்” என்றார்.

திரும்பி வரும்போது அவள் மறுபடி மூக்கைப் பொத்தினாள். “ஆத்துப் பாலம் தாண்டுறோம்ல, ஆத்து நாத்தம்” என்றார். வீட்டுத் தெருவுக்குள் திரும்பியபோது, “சாக்கடை” என்றார்.

“ஊர்ல உள்ள நாத்தம் எல்லாம் நம்ம கார்லதான் ஏறும்போல. டிக்கெட் எடுத்துச்சானு கேளுங்க” என்றாள் கமலவேணி.

அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய வழுக்கை, அவர் பாட்டு, அவர் வேட்டி கட்டும் அழகு, எதையும் அவள் சும்மா விட்டதில்லை. இதுவும் அந்தக் கணக்கில் சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டார்.

அந்த மாதச் சம்பளத்துக்கு முதன்முதலாகக் காரில் புக்கிட் நங்கா தோட்டத்துக்குப் போனார். பாயா ரும்புட் ஊரைத் தாண்டி உள்ளே போக வேண்டும். தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. வாசலில் காவல்காரர்களின் சோதனை. உள்ளே போய் லயத்தின் முன்னால் காரை நிறுத்தி இறங்கியபோது பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். கொஞ்ச நேரம் எல்லாரும் காரைத்தான் பார்த்தார்கள். மருதமுத்து மெதுவாக, ஒவ்வொரு மூட்டையாக, தேவைக்கு மேல் நேரம் எடுத்துக்கொண்டு இறக்கினார்.

அந்த லயத்தில் இருதயம்மாள் சொல்தான் எடுபடும். ரப்பர்ப் பால்மரம் சீவுகிறவள். ஒரு சேலையைத் தொட்டுப் பார்த்து ‘பரவால்ல’ என்று அவள் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதே ரகத்தில் வேறு வேறு நிறம் எடுத்துக்கொள்வார்கள். அவளுடைய மகனுக்கு மாதா கோயிலில் கல்யாணம் வைத்திருந்தாள். மருமகளுக்கென்று மருதமுத்து ஒரு பட்டுச்சேலையைத் தனியாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். அதை அவள் மடியில் விரித்தார்.

இருதயம்மாள் ஜரிகையைத் தடவிப் பார்த்தாள். முகத்தருகே கொண்டுபோனாள். அவள் புருவம் சுருங்கியது.

“அண்ணே, இது புதுசுதானா?”

“என்னம்மா இப்படிக் கேட்டுட்ட? மூட்டையைப் பிரிச்சதே இப்பத்தான்.”

“அப்ப மூட்டைக்குள்ளேயே மழை பேஞ்சிருக்கு.”

பக்கத்திலிருந்த குஞ்சம்மா ஒரு முனையை இழுத்து முகர்ந்தாள். “மழை இல்லக்கா. யாரோ இதைக் கட்டிக்கிட்டு ஆத்துல விழுந்திருக்காங்க லா. அண்ணே அவங்களைத் தூக்காம சேலையை மட்டும் தூக்கிட்டு வந்துட்டாரு.”

சிரிப்பு ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குத் தாவியது. ஒருத்தி இன்னொரு சேலையை எடுத்து முகர்ந்து, தும்முவதுபோல் நடித்தாள். மருதமுத்துவும் அவர்களோடு சேர்ந்து சிரித்துப் பார்த்தார். சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டது. இருதயம்மாள் அதைக் கவனித்திருக்க வேண்டும். பட்டை மடித்து, மெதுவாக அவர் கையில் கொடுத்தாள்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. மருமக பீடத்துக்கு முன்னால கட்டிக்கிட்டு நிக்கப்போற சேலை. சாமியார் மந்திரிக்க வந்து மூக்கைப் பொத்துனா நல்லாவா இருக்கும்? அடுத்த சம்பளத்துக்கு நல்லதாக் கொண்டாங்க, எடுத்துக்குறேன்.” பிறகு காரைத் திரும்பிப் பார்த்தாள். “முடிஞ்சா பஸ்லயே வாங்க.”

கொண்டுபோன மூட்டைகளை ஏறக்குறைய அப்படியே திருப்பி ஏற்றிக்கொண்டார். வரும் வழியில், பால்மரக் காட்டோரம் ஆள் இல்லாத இடத்தில், காரை நிறுத்தவே கூடாது என்று எல்லாரும் எச்சரித்திருந்த இடத்தில் நிறுத்தினார். பிடியைத் தள்ளி, தரையோடு குனிந்து, காற்று வரும் வாய்க்குள் மூக்கை நுழைத்து இழுத்தார். ஒன்றுமில்லை. தோட்டத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று, தன் காருக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற ஒன்று, தனக்கு மட்டும் தெரியவில்லை என்பது அவருக்கு என்னவோ போலிருந்தது. தன் வீட்டில் யாரோ குடியிருந்து, தான் மட்டும் அவர்களைப் பார்க்காமலே நடமாடுவது போல.

வீட்டில் கமலவேணி மூட்டைகளைப் பார்த்தாள், ஆளைப் பார்த்தாள்.

“நெசமாவே நாறுதா, வேணி?”

அவள் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். அவர் கேட்ட தினுசில் அது பாதியிலேயே அடங்கிப்போனது.

“ஆமாங்க. நான் கேலிக்குச் சொல்லல.”

“எல்லாத்தையும் கேலியாத்தானே சொல்லுவ. இத மட்டும் நெசம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

 அவள் எழுந்துபோய்ச் சோறு போட்டாள்.

மறுநாள் காலையில் அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு காரிடம் போனாள். சீட்டுகளைக் கழற்ற வைத்து வெயிலில் போட்டாள். தரையில் கிடந்த விரிப்பைச் சவர்க்காரம் போட்டுத் துவைத்தாள். உள்ளே எட்டின இடமெல்லாம் வேப்பிலைத் தண்ணீரால் துடைத்து, நாலு கதவையும் திறந்துபோட்டாள். தெருவில் போகிறவர்கள் நின்று விசாரித்தார்கள். “என்ன அண்ணே, காருக்கு அம்மையா?” என்று கேட்டார் எதிர்வீட்டுத் தம்புசாமி. பாசாரிலிருந்து கட்டுக்கட்டாக, பலகாரத்துக்கு வாசனைக்குப் போடும் பாண்டான் இலை வாங்கிவந்து சீட்டுக்கடியில் செருகினார்கள். சாயங்காலம் கமலவேணி உள்ளே ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி மூச்சிழுத்தாள்.

“இப்ப நல்லாருக்கு. அல்வாக் கடை மாதிரி இருக்கு.”

மருதமுத்து மகிழ்ந்துபோய் காரை எடுத்தார். தெருமுனை தாண்டியதும் பழக்கதோஷத்தில் பிடியைத் தள்ளினார்.

“வந்துருச்சு!” என்றாள் கமலவேணி.

“எது?”

“அதேதான். மூடுங்க அத.” மூடினார். கொஞ்சதூரம் போனார்கள். “இப்பத் திறங்க.” திறந்தார். “மூடுங்க.” மூடினார். அவள் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள். “உங்க காத்துதாங்க நாறுது.”

“காத்துக்கு ஏது நாத்தம்? அது வெளிய உள்ள காத்து!”

“வெளிய உள்ள காத்து நல்லாத்தான் இருக்கு. உங்க பெட்டிக்குள்ள நுழைஞ்சு வரும்போதுதான் கெட்டுப்போகுது. உள்ள என்னமோ கெடக்கு. பெட்டியைக் கழட்டிப் பாருங்க.”

மருதமுத்துவுக்கு அது மட்டும் மனம் ஒப்பவில்லை. காரிலேயே அவருக்குப் பிரியமான இடம் அது. கழற்றி, திரும்ப மாட்டும்போது ஏதாவது கோணல்மாணலாகி, காற்றே வராமல் போய்விட்டால்? “சீமையில செஞ்சது. நம்ம கை வைக்கக் கூடாது” என்றார். அதற்குப் பதில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். நாற்றம் காற்று வழியில் இருக்கிறது என்றால், நல்ல வாசனையை அதே வழியில் அனுப்பினால் தீர்ந்தது. சாம்பிராணி!

“வீட்டுல கொசு போறதுக்குப் போடுறோம். இதுவும் போயிரும்” என்றார்.

“உள்ள இருக்குறது கொசு இல்லீங்க” என்றாள் அவள். பெட்டியைக் கழற்றச் சொல்லித் திரும்பத் திரும்பக் கேட்டுப் பார்த்தாள். அவர் அசையவில்லை. “சரி, அடுத்த தடவை தோட்டத்துக்கு நானும் வர்றேன். உங்களுக்கு இல்லாத மூக்கு ஒண்ணு பக்கத்துல இருக்கட்டும்.”

வழியில் ஆபத்து என்று அவர் தடுத்துப் பார்த்தார். “ஆபத்து உள்ள இடத்துக்கு நீங்க மட்டும் ஏன் போறீங்க?” என்று கேட்டாள். அதற்கு மேல் அவர் தடுக்கவில்லை. விட்டுக்கொடுத்ததற்கு, அவளும் வருவது உள்ளூர அவருக்குப் பிடித்திருந்ததும் ஒரு காரணம்.

அடுத்த சம்பளத்து மறுநாள், விடிந்ததும் விடியாததுமாக மருதமுத்து தூபக்காலில் தேங்காய்த்தொட்டிக் கரியை மூட்டி, ஒரு கை நிறையச் சாம்பிராணியைக் கொட்டி, காற்று வரும் வாய்க்கு நேர் கீழே காருக்குள் வைத்துக் கதவை அடைத்தார். புகை உள்ளே சுருண்டு சுருண்டு நின்றது. மூட்டைகளை ஏற்றும் நேரம் வந்தபோதும் கரி கனன்றுகொண்டுதான் இருந்தது.

“அதை வெளிய எடுத்து வைங்க.”

“பாதி புகைதான் போயிருக்கு. போற வழியில அதுவா அணைஞ்சிரும். நீ காலை ஒதுக்கி உக்காரு.”

கமலவேணி ஒரு காலைக் கதவோரம், மறுகாலைச் சீட்டுமேல் என்று வைத்து உட்கார்ந்தாள். பாயா ரும்புட் வரை தொந்தரவு இல்லை. கடைகளைத் தாண்டி ரோடு வெறிச்சோடியதும் மருதமுத்து, சாம்பிராணி வேலை செய்திருக்கிறதா என்று பார்க்க, பிடியைத் தள்ளினார்.

ஓடுகிற காரின் காற்று, ஊதுகுழாய் போல நேரே கரியின் மேல் பாய்ந்தது. தூபக்கால் ஒரு நொடியில் சிவந்தது. சாம்பிராணி முழுவதும் ஒரேயடியாகப் பொங்கியது. கண்ணாடி தெரியவில்லை, ரோடு தெரியவில்லை, பக்கத்தில் இருந்த மனைவி தெரியவில்லை. இருமல் மட்டும் கேட்டது. பதறிப்போய் ஜன்னலை இறக்கினார், பிரேக்கை மிதித்தார். கார் தேய்த்துக்கொண்டு போய் நின்றது.

எங்கே நின்றது என்பது புகை கொஞ்சம் விலகிய பிறகுதான் தெரிந்தது. ரோட்டின் குறுக்கே ஒரு மரக்கட்டை. அதற்கு இரண்டு பக்கமும் மணல்மூட்டைகள். மூட்டைகளுக்குப் பின்னால் துப்பாக்கிகள். காரின் ஜன்னல்களிலிருந்தும் கண்ணாடிக்கு முன்னால் இருந்த மூடியிலிருந்தும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பிக்கொண்டிருந்தது.

“கெலுவார்! கெலுவார்!” என்று மலாயில் ஒரு குரல் கத்தியது. வெளியே வரச் சொல்கிறார்கள். இரண்டு பேரும் கைகளைத் தூக்கிக்கொண்டு, கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய இறங்கினார்கள்.

இன்ஸ்பெக்டர் யூசோப் என்பவர் தள்ளி நின்று காரைச் சுற்றி ஒருமுறை நடந்தார். அவரோடு இருந்த காவலர்களில் மைக்கேல் என்று ஒரு தமிழரும் இருந்தார். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “துவான், கெமெஞான்” என்றார். மலாயில் துவான் என்றால் ஐயா, கெமெஞான் என்றால் சாம்பிராணி. அது என்னவென்று தெரிந்ததில் இன்ஸ்பெக்டரின் சந்தேகம் குறையவில்லை, கூடியது. காருக்குள் எதற்குச் சாம்பிராணி போட வேண்டும்? எந்த வாசனையை மறைக்க? காட்டுக்குள் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச்சேரக் கூடாது என்று அந்த வட்டாரத்தில் ஒரு பிடி அரிசியைக்கூட யாரும் பர்மிட் இல்லாமல் கொண்டுபோக முடியாத காலம். கருவாடோ, சோறோ, மருந்தோ உள்ளே ஒளிந்திருக்க வேண்டும் என்று அவர் முடிவுகட்டிவிட்டார்.

“எல்லாத்தையும் இறக்கு” என்றார்.

மூட்டைகளை ரோட்டோரம் இறக்கி அவிழ்த்தார்கள். ஒவ்வொரு சேலையையும் உதறி விரித்தார்கள். லாலான் புல்லின் மேல் பச்சையும் மஞ்சளும் ஊதாவுமாக நீளத்துக்குச் சேலைகள் கிடந்தன. தடுப்புக்குப் பின்னால் வந்து நின்ற லாரிக்காரர்கள் இறங்கி வேடிக்கை பார்த்தார்கள்.  விசாரணையே இல்லாமல் ஆளைக் கொண்டுபோய் அடைத்து வைக்கச் சட்டம் இருந்தது. அப்படிப் போன இரண்டு பேரை மருதமுத்துவுக்கே தெரியும். கமலவேணி நகர்ந்து வந்து அவரை ஒட்டி நின்றாள். அவளுக்கும் பயம்தான். பயம் வந்தால் அவளுக்கு வாய்தான் முதலில் வேலை செய்யும்.

“தம்பி” என்றாள் மைக்கேலிடம், “அந்தப் பச்சையை இன்னும் கொஞ்சம் நல்லா விரிச்சுப் போடுங்க. லாரிக்காரவங்க விலை கேட்டாலும் கேப்பாங்க.”

“அக்கா, சும்மா இருங்கக்கா. துவான் கோவமா இருக்காரு.”

“கோவமா இருந்தா அவர் சம்சாரத்துக்கு ஒண்ணு எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க. எங்க வீட்டுல அதுதான் வழக்கம்.”

மைக்கேல் உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துகொண்டார்.

சீட்டுக்கடியில் பாண்டான் இலை சிக்கியது. அதைக் கண்டதும் இன்ஸ்பெக்டர், “இதுவும் வாசனைக்கா?” என்று கேட்டார். பிறகு தலையைக் காருக்குள் விட்டு, நாய் முகர்வதுபோல முகர்ந்துகொண்டே போனார். காற்று வரும் வாய்க்கு அருகில் போனதும் முகத்தைச் சுளித்துத் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“பாவு! இதுக்குள்ளதான் இருக்கு. புக்கா!” நாறுகிறது, திற என்கிறார்.

“ஐயோ, அதக் கழட்ட வேணாம்னு சொல்லுங்க தம்பி” என்று மருதமுத்து முன்னால் பாய்ந்தார். ஒரு துப்பாக்கி லேசாகத் திரும்பியதும் பின்னால் வந்தார்.

மைக்கேல் மல்லாந்து படுத்துக்கொண்டு திருகாணிகளைக் கழற்றினார். தகரப் பெட்டி அசைந்து, சத்தத்தோடு கீழே இறங்கியது. அடியில் சேறு. மரத்தடியில் நின்ற காரின் மூடிக்குள் உதிர்ந்து விழுந்த இலைகள் அழுகி, கறுத்து, அல்வாப் பதத்தில் இறுகியிருந்தன. அதன்மேல், சீட்டு உறையின் பஞ்சும் காகிதமும் வைக்கோலுமாக, பந்து போல ஒரு எலிக்கூடு. எலி குடியை மாற்றி எவ்வளவோ காலமாகியிருக்கும். மைக்கேல் அதைக் குச்சியால் பிரித்தார். உள்ளேயிருந்து வெள்ளையாக ஏதோ சிதறியது.

அவர் எழுந்து நின்று, தயங்கித் தயங்கிச் சொன்னார். “துவான்… பெராஸ்.”

அரிசி. ஒரு பிடிக்குக் கொஞ்சம் குறைவாக, பழுப்பேறிப்போன அரிசி.

எல்லாரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சட்டப்படி பார்த்தால், தடை செய்த வட்டாரத்தில் பர்மிட் இல்லாத அரிசி, காரின் ரகசியமான இடத்தில். சட்டப்படி பார்க்காவிட்டால், அழுக்குப் பஞ்சில் எலிப்புழுக்கையோடு ஒட்டிக் கிடக்கும் எச்சில். இன்ஸ்பெக்டர் யூசோப்பின் முகத்தில் இரண்டு பார்வையும் மாறி மாறி வந்துபோயின.

“இது யார் அரிசி?” என்று கடைசியில் கேட்டார்.

மருதமுத்து மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கமலவேணி மைக்கேலைப் பார்த்துச் சொன்னாள்:

“எலியோடதுனு சொல்லுங்க தம்பி. அந்த எலிகிட்ட ஐ.சி. இருந்துச்சா, பர்மிட் இருந்துச்சானு எங்களுக்குத் தெரியாது. துரை வீட்டு எலி. இங்கிலீஷ்லதான் விசாரிக்கணும்.”

மைக்கேல் அதை மலாயில் சொல்லத் தொடங்கினார். ‘தீக்குஸ்’ என்று எலியைச் சொன்னவரைக்கும் சமாளித்தார். அடையாள அட்டையான ஐ.சி.க்கு வந்ததும் அவருக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. மணல்மூட்டைக்குப் பின்னால் இருந்தவர்களும் சிரித்தார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, நெற்றியைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு பூட்ஸ் காலால் கூட்டை எட்டி உதைத்துச் சாக்கடைக்குள் தள்ளினார்.

“சுத்தம் பண்ணிட்டுப் போகச் சொல்” என்றார். “இந்த நாத்தத்தோட என் தடுப்புல இனி வரக் கூடாது.”

ஓடையிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டுவந்து, பெட்டியைக் கமலவேணி மணல் போட்டுத் தேய்த்தாள். மேலே மூடி வழியாகவும் தண்ணீரை ஊற்றினார்கள். தண்ணீர் இறங்கவில்லை, அங்கேயே குளம்போல நின்றது. கீழே தண்ணீர் வடிகிற ரப்பர்க் குழாயும் சேற்றால் அடைத்திருக்கிறது என்று மைக்கேலுக்குப் புரிந்தது. ஒரு நீளக் கம்பியை எடுத்து, காரின் அடியில் குனிந்து குத்தினார். நடப்பது என்ன என்று பார்க்க இன்ஸ்பெக்டர் பக்கத்தில் வந்த நேரம் பார்த்து அடைப்பு விட்டது. கறுப்புத் தண்ணீர் பீறிட்டு அவருடைய பாலிஷ் போட்ட பூட்ஸின்மேல் முழுசாக இறங்கியது.

மைக்கேல் கம்பியை மெதுவாகக் கீழே வைத்தார்.

இன்ஸ்பெக்டர் குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். நிமிர்ந்து கமலவேணியைப் பார்த்தார். “இதுவும் எலிதான் பண்ணுச்சா?” என்று மலாயில் கேட்டார். அவளுக்கு அந்த அளவு மலாய் தெரியும். “ஆமா துவான்” என்றாள். அப்போதுதான் அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

தெளிந்த தண்ணீர் வரும்வரை ஊற்றிக் கழுவி, பெட்டியை வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டி முடிக்க உச்சிவெயில் ஆகிவிட்டது. அதுவரை சேலைகள் புல்லின்மேல் காய்ந்துகொண்டிருந்தன. மருதமுத்து அவற்றை ஒவ்வொன்றாக உதறி மடித்தார். கார் கிளம்பியதும் அவர் பிடியைத் தொடவில்லை. கமலவேணியே குனிந்து கையை நீட்டித் தள்ளினாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவர் ரோட்டைப் பார்க்காமல் அவள் முகத்தையே பார்த்தார்.

“புல் வாசம் வருது. ரோட்டைப் பாத்து ஓட்டுங்க” என்றாள்.

அவர்கள் லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, சேலைக்காரர் வரமாட்டார் என்று பெண்கள் நினைத்துவிட்டிருந்தார்கள். கமலவேணி பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஏன் தாமதம் என்று சொல்ல ஆரம்பித்தாள். எலியின் ஐ.சி. வந்தபோது குஞ்சம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பூட்ஸ் வந்தபோது இரண்டு பேர் எழுந்து சுவரில் சாய்ந்துகொண்டார்கள். மருதமுத்து கைகளைத் தூக்கி நின்றதையும் அவள் விடவில்லை. சீட்டில் உட்காருவதைவிட அந்த நிலையில் அவர் கம்பீரமாக இருந்தார் என்றாள். அவரும் சிரித்தார். இந்தமுறை அது உதட்டோடு நிற்கவில்லை.

இருதயம்மாள் பட்டுச்சேலையை விரித்து, முன்னெச்சரிக்கையாகக் கொஞ்சம் தள்ளிவைத்து முகர்ந்தாள். பிறகு கிட்டக் கொண்டுவந்தாள்.

“சாம்பிராணி.”

“புகை பட்டுருச்சுக்கா” என்று கமலவேணி இழுத்தாள். “ரெண்டு நாள் வெளிய போட்டா போயிரும்.”

“எதுக்குப் போகணும்? பூசை வாசம்லா இது. சாமியார் தூபம் போடுறதுக்கு முந்தியே இவ கோயில் வாசத்தோட வந்து நிப்பா.” அவள் சேலையை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் மற்றவர்களின் கைகள் மூட்டைக்குள் நுழைந்தன.

அதற்குப் பிறகு கமலவேணி இல்லாமல் மருதமுத்து எந்தத் தோட்டத்துக்கும் போகவில்லை. போகவும் முடியவில்லை. ஒருமுறை அவள் சிரம்பானுக்கு மகளைப் பார்க்கப் போயிருந்தபோது தனியாகப் போனார். “அக்கா வரலியா?” என்று கேட்டுவிட்டுப் பெண்களில் முக்கால்வாசிப் பேர் சேலையைப் பார்க்காமலே வீட்டுக்குள் போய்விட்டார்கள். அவள் திரும்பி வந்ததும் அவர் இதைச் சொல்லவில்லை. குஞ்சம்மா சொல்லித்தான் கமலவேணி தெரிந்துகொண்டாள்.

அடுத்த வருடம் கடலோரப் பக்கம் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். தடுப்புகள் சில போயின. அரிசிப் பையைக் கையில் பிடித்துக்கொண்டே மனிதர்கள் ரோட்டில் நடந்தார்கள். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, உம்பாய் ரோட்டில் மருதமுத்து காரை ஓரமாக நிறுத்தி, இறங்கிச் சுற்றி வந்தார். கமலவேணி டிரைவர் சீட்டுக்கு நகர்ந்தாள். சொல்லிக்கொடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் பலவிதமாகத் தட்டிக்கழித்துப் பார்த்து, கடைசியில் காரணம் எதுவும் மிச்சமில்லாமல் சரி என்றிருந்தார்.

கார் இரண்டுமுறை குதித்து நின்றது. மூன்றாவது முறை மெள்ள ஊர்ந்தது. வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர்கள் கையை நெற்றியில் வைத்துப் பார்த்தார்கள். மருதமுத்து ஒரு கையால் கதவையும் மறுகையால் டேஷ்போர்டையும் கெட்டியாகப் பிடித்திருந்தார்.

“என்னங்க, அப்படிப் பிடிச்சிருக்கீங்க? கார் ஓடிப்போயிருமா?”

“பேசாம ரோட்டைப் பாரு” என்றார் மருதமுத்து.

அவள் ரோட்டைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே ஹாரனை அழுத்தினாள். எதிரே யாருமில்லை.